மூன்றாவது கம்பி

மீனுக்கு மைனஸ் பதினெட்டு. அதற்கு மேல் அரை டிகிரி ஏறினாலும் ஆயிரம் கேள்வி வரும். அப்படிப்பட்ட மீனுக்குள் குத்தியிருந்த மூன்றாவது கம்பி முப்பத்தொன்று என்று காட்டியது. முன்னால் மைனஸ் கோடு இல்லை. வெறும் முப்பத்தொன்று.

சந்தேகத்தார் விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார். சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பத்தொன்று புள்ளி நாலு.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பேர் வேறு. அது ஆஜர் புத்தகத்தில் மட்டும் இருந்தது. கடையில் முட்டை வாங்கினாலும் ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். கதவைப் பூட்டிவிட்டேன் என்று பொண்டாட்டி சொன்னால் தானும் போய்ப் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். அதனால் அந்தக் குளிர்கிடங்கில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை அவருக்குச் சந்தேகத்தார் என்றே பேர். முகத்துக்கு நேரே மட்டும் அண்ணே.

முற்றத்தில் இரண்டு வரிசையாக இருபத்திரண்டு கண்டெய்னர்கள் சக்கரத்தின் மேலேயே நின்றன. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு குளிர் மெஷின், ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டுத் தண்டியில் ஒரு கரண்டு வயர். மணிக்கொரு தடவை வரிசையாக நடந்துபோய்க் கண்ணாடியில் தெரிகிற எண்களைத் தாளில் எழுதுவது சந்தேகத்தாரின் வேலை. ஊதுகிற காற்று எத்தனை, சுற்றித் திரும்பி வருகிற காற்று எத்தனை, மீனுக்குள் குத்திவைத்த மூன்று கம்பியும் எத்தனை. அந்த மெஷின் மீனை உறைய வைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு, படித்தவர்களிலேயே நிறையப் பேர். அது உறைய வைக்காது. ஏற்கெனவே கல்லாய் உறைந்ததைக் கல்லாகவே வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். வழியில் ஒரு தடவை இளகிப்போனால் அப்புறம் எத்தனை குளிர் கொடுத்தாலும் அது பழைய மீன் இல்லை. பார்க்கிறவனுக்குத் தெரியாது. தின்கிறவனுக்குத் தெரியும்.

இது இரண்டாம் வரிசையின் கடைசிக் கண்டெய்னர். காலையில் மீன் ஏற்றி, பத்து மணிக்குத்தான் இழுத்துவந்து நிறுத்திப் பிளக் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு லாரி வந்து துறைமுகத்துக்கு இழுத்துப்போகும். அப்புறம் கப்பல். இருபத்துமூன்று நாள் கழித்துத்தான் யாராவது கதவைத் திறப்பார்கள். இப்போது மணி பதினொன்று. இந்தக் கண்டெய்னரின் எண்ணைத் தாளில் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊதுகிற காற்று மைனஸ் இருபத்தொன்று, சரி. முதல் கம்பி மைனஸ் பத்தொன்பது, இரண்டாவது மைனஸ் பதினெட்டரை, சரி. மூன்றாவதுதான் வெயிலில் கிடக்கிற செருப்பு மாதிரி முப்பத்தொன்றில் நின்றது.

அவருக்கு முதலில் வந்தது கோபம். கம்பி வேலை அவருடைய மச்சினன் வேலை. பொண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி, சின்ன வயதிலேயே இவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன். உறைந்த மீனில் துளை போட்டு, விரல் நீளக் கம்பியை உள்ளே செருகி, பெட்டியை மூடி, வயரைச் சுவரோரம் கொண்டுபோய்ச் சொருக வேண்டும். வேலை தெரிந்தவன். வேலையிலிருந்து நழுவவும் தெரிந்தவன். சந்தேகத்தார் என்ற பேரை வைத்ததும் அந்தப் புண்ணியவான்தான்.

திட்டலாம் என்று போனில் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். மறுபடி கூப்பிட்டார். அவளே சொன்னாள்.

போனைக் காதில் வைத்தபடியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று திடீரென்று இருபதானது. பத்து. மைனஸ் மூன்று. ஏதோ கீழே விழுந்த மாதிரி. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. ஐந்து, பதினாறு, இருபத்தாறு, முப்பத்தொன்று.

மீன் இப்படி ஏறி இறங்காது. உள்ளே இருப்பது இருபத்தைந்து டன் கல். அதைத் தூக்கிக் கொதிக்கிற அண்டாவில் போட்டாலும் கண் இமைக்கிற நேரத்தில் இந்த எண் வராது. செத்த கம்பியும் இப்படிச் செய்யாது. செத்த கம்பி ஒன்று கோடு காட்டும், இல்லை உலகத்தில் இல்லாத ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அதிலேயே குந்திக்கொண்டிருக்கும்.

மனசுக்குள் ஒன்று எட்டிப் பார்த்தது. அதைப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, தாளைச் சுருட்டிப் பைக்குள் செருகிக்கொண்டு மேடைக்கு நடந்தார். நடந்தார் என்று அவர் நினைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் ஓடினார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஏற்றுமேடையில் அடுத்த கண்டெய்னருக்குப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. லோடுமேன்களின் மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியால் கணக்குக் கோடு போட்டுக்கொண்டே பேசினார். மச்சினன் கம்பி வேலை முடிந்தது என்று ஒன்பது மணிக்கே சொன்னானாம், அதற்கப்புறம் ஆளைப் பார்க்கவில்லையாம்.

“எங்கயாவது அட்டைய விரிச்சுப் படுத்திருப்பான். உங்க மச்சினன் ஆச்சே, எழுப்பிவிட நீங்கதான் போகணும்” என்றார்.

லோடுமேன்கள் சிரித்தார்கள். அவர்களில் நெட்டையன் என்று ஒருவன். அவன் மட்டும் பெட்டியைத் தோளில் வைத்தபடி நின்றான்.

“இல்லண்ணே. நாங்க டீ குடிக்கக் கெளம்பறப்ப ஆளு இங்கதான் நின்னாரு. மூணாவது கம்பி பிடுங்கிக்கிச்சு, எந்தத் தடியன் பெட்டிய இழுத்தான்னு எங்களத் திட்டிக்கிட்டிருந்தாரு.”

டீ குடிக்கப் போனது ஒன்பதரை மணி.

சந்தேகத்தார் மேடை ஓரத்து இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அவர் இந்த மேடை வழியாகத்தான் வந்தார். மேடையில் ஒரு ஈ காக்கை இல்லை. மீன் ஏற்றி முடித்த கண்டெய்னர் இரண்டு கதவையும் ஆவென்று திறந்துகொண்டு நின்றது. குளிர் வெள்ளைப் புகையாகக் கீழே வழிந்து வெயிலில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் பால் பொங்கி வழிவதைப் பார்க்கிற பெண்பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி. சோம்பேறிப் பயல்கள், தங்கள் வாயில் டீ ஊற்றப் போகிற அவசரத்தில் மீனை வெயிலுக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று உரக்கவே வைதார். ஒரு கதவைச் சாத்தினார். மறு கதவைச் சாத்தினார். நாலு இரும்புத் தண்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு மாட்டினார். இழுத்துப் பார்த்தார். அதோடு விட்டாரா, சீல் போடுகிறவரையும் தானே போய்க் கையோடு கூட்டிவந்தார். சீல்காரர் விரல் கனத்தில் இரும்பு ஆணியைப் போட்டு அழுத்தினார். அதையும் இழுத்துப் பார்த்தார்.

உள்ளே பார்க்கவில்லை.

சாத்துகிறவன் உள்ளே ஏறி, மூக்கு வரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாத்த வேண்டும். அந்தக் கிடங்கில் அது சட்டம். அந்தச் சட்டத்தை எல்லார் காதிலும் ஓதி ஓதிக் காதைப் புண்ணாக்கியவர் யார் என்றால், அவர்தான். மீன் கனமான சரக்கு. எடை நிரம்பிவிடும், இடம் நிரம்பாது. பெட்டிகளுக்கு மேலே கூரை வரைக்கும் ஒரு மனுஷன் தவழ்ந்து போகிற அளவு இடம் இருக்கும். கழன்ற கம்பியை மாட்ட அந்த வழியாகத்தான் போக வேண்டும். கதவு நெடுக மீன் பெட்டிகள் சுவராக நிற்கும், புகை வேறு. கீழே நின்று பார்த்தால் மேலே தவழ்கிறவன் தெரியமாட்டான். உள்ளே இருந்து கதவைத் திறக்க ஒரு கைப்பிடியும் கிடையாது. இதற்குள் மீன்தானே போகிறது, மீன் எதற்குக் கதவைத் திறக்கப்போகிறது என்று செய்தவன் நினைத்துவிட்டான்.

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. பொண்டாட்டிக்குப் போன் போட்டார். தம்பி அங்கே வந்தானா என்று கேட்டார்.

வேலை நேரத்தில் அவன் எதற்கு இங்கே வருகிறான், உங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எங்கேயாவது போயிருந்தால் அது அவன் சமர்த்து என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள்.

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

திரும்ப ஓடிவந்து பார்த்தபோது மூன்றாவது கம்பி இருபத்தொன்பதில் இருந்தது. ஒரு ஸ்பேனரை எடுத்துக் கண்டெய்னர் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தார். சுவருக்குள் ஒரு சாண் கனத்துக்குத் தெர்மாகோல் மாதிரி ஒன்றை நிரப்பியிருப்பார்கள். தலையணையைக் குத்துகிற மாதிரி சத்தம் போனது. உள்ளே இருந்து பதில் வந்தாலும் மெஷின் இரைச்சலில் கேட்காது.

மெஷினை நிறுத்தினார்.

அந்த முற்றத்தில் சரக்கு ஏறிய கண்டெய்னரின் மெஷினைக் கேட்காமல் நிறுத்துவது கோயில் உண்டியலில் கைவைக்கிற மாதிரி. நிறுத்தினார். இரைச்சல் அடங்கியதும் சுவரில் காதை ஒட்டிவைத்தார். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. அது வெளியே அடிக்கிறதா உள்ளே அடிக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியும் இருண்டுபோயிருந்தது. மெஷின் நின்றால் எண்ணும் நின்றுவிடும். ஓடவிட்டால் உள்ளே இருக்கிறவன்மேல் மைனஸ் இருபத்தொன்று காற்று அடிக்கும். நிறுத்திவைத்தால் அவன் இருக்கிறானா இல்லையா என்று காட்டுகிற ஒரே சாட்சியும் போய்விடும். இந்த இக்கட்டில் கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

மெஷின் நின்ற சேதி ஆபீஸில் சிவப்பாக எரியும். மேனேஜர் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் பறக்க ஓடிவந்தார். கூடவே சீல்காரரும் வந்தார். சீல்காரர் வாங்குகிற கம்பெனியின் ஆள். சீலைப் போடும் கருவியும் அவர் பையில், வெட்டும் கட்டரும் அவர் பையில்.

உள்ளே ஆள் இருக்கிறான், கதவைத் திறக்க வேண்டும் என்று சந்தேகத்தார் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு மூன்று தடவை அறுந்தது.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு பழைய கதை உண்டு. போன வருஷம் ஒரு கண்டெய்னரில் காற்றின் எண் மளமளவென்று ஏறுவதைப் பார்த்துவிட்டு, மீன் இளகுகிறது, என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சந்தேகத்தார் ஒற்றைக்காலில் நின்றார். சீலை வெட்டித் திறந்தார்கள். மீன் கல்லாக இருந்தது. மெஷின் தன் குழாயில் படிந்த ஐஸைத் தானே உருக்கிக்கொள்கிற நேரம் அது. வெட்டின சீலைக் காரணம் காட்டி வாங்குகிறவன் அத்தனை சரக்கையும் வேண்டாம் என்றுவிட்டான். அப்போது கிடங்குக்கு உள்ளே சரக்கைச் சரிபார்க்கிற பெரிய செக்கராக இருந்தவர்தான் இப்போது வெளியே வெயிலில் எண் எழுதுகிறார்.

“ஐஸ் உருக்குற நேரமா இருக்கும். மறுபடியும் ஆரம்பிக்காதீங்க” என்றார் மேனேஜர்.

ஐஸ் உருக்கினால் காற்றின் எண்தான் ஏறும், மீனுக்குள் இருக்கிற கம்பி ஏறாது என்று சந்தேகத்தார் சொன்னார். அப்படியானால் கம்பி கெட்டுவிட்டது என்றார் மேனேஜர். கெட்ட கம்பி ஏறி இறங்காது என்றார் இவர். மேனேஜர் மெஷினைப் போடச் சொன்னார். போட்டார். அது உடனே உயிர் பிடிக்காது. தொண்டையைக் கனைத்து, விசிறியைச் சுழற்றி, தன்னையே ஒரு தடவை சோதித்துக்கொண்டுதான் கண்ணாடியில் எண்ணைக் காட்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் சந்தேகத்தார் வாழ்க்கையில் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டார்.

மூன்றாவது கம்பி: இருபத்தேழு.

“பாருங்க. இப்ப இறங்கும் பாருங்க” என்றார்.

இறங்கவில்லை. இருபத்தேழிலேயே நின்றது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீல்காரர் தொண்டையைச் செருமினார். சந்தேகத்தார் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்குடா, இறங்குடா என்று உள்ளுக்குள் கெஞ்சினார். பிறகு, இறங்கினால் அவன் கம்பியை எடுக்கிறான் என்று அர்த்தமா, கை நழுவிவிட்டான் என்று அர்த்தமா என்று ஒரு எண்ணம் வந்தது. கெஞ்சுவதை நிறுத்திவிட்டார்.

எண் விழுந்தது. பதினைந்து, நாலு, மைனஸ் எட்டு. கீழே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. லோடுமேன்களும் வந்து கூடியிருந்தார்கள். நெட்டையன் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது உதட்டில் தெரிந்தது. அவன் நாற்பதைத் தாண்டினபோது எண் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. இந்தத் தடவை இருபத்தாறோடு நின்றுவிட்டது.

“முதல்ல முப்பத்தொன்னு. அப்புறம் இருபத்தொம்பது. இருபத்தேழு. இப்ப இருபத்தாறு. வாயில வெச்சுக்கிட்டிருக்கான் சார். வாயில வெச்சு வெச்சு எடுக்கறான். நான் பாக்கணும்னு.”

மேனேஜர் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனாலும் அவரும் பயந்த மனுஷன்தான். மேலே ஒருத்தருக்குப் பயப்படுகிறவர். சரி, ஒரு வார்த்தை மேலிடத்தில் கேட்டுவிட்டு என்று போனை எடுத்தார். அங்கே எடுக்கவில்லை. இன்னொரு எண்ணுக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்து லாரியும் ரிவர்ஸில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, இதை இழுக்கலாமா கூடாதா, துறைமுக வாசலில் எனக்காகக் கேட்டை மூடாமல் வைத்திருக்கமாட்டார்கள் என்றார்.

சந்தேகத்தார் சீல்காரரிடம் கையை நீட்டினார். கட்டரைக் கொடுங்கள் என்றார்.

சீல்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“எப்படிண்ணே ஆள் உள்ள இருக்க முடியும்? சாத்தறவங்க உள்ள பாத்துட்டுத்தான சாத்துவாங்க?” என்றார்.

மேனேஜரும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஆமாம், யார் சாத்தினது, அந்த ஆளைக் கூப்பிடு, அவன் பார்த்தேன் என்று சொன்னால் விஷயம் முடிந்தது என்றார்.

சீல்காரர் சந்தேகத்தாரைத்தான் பார்த்தார். மற்றவர் யாராவது சாத்தியிருந்தால் அவர் சீல் போடுமுன் தானே ஏறி ஒரு பார்வை பார்த்திருப்பார். சாத்தினது இந்த மனுஷன் என்பதால்தான் கேள்வி கேட்காமல் ஆணியை அழுத்தினார். யாரையும் நம்பாத ஆள் சாத்தின கதவை அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள்.

சொன்னால் என்ன ஆகும் என்று எல்லாம் ஒரே நொடியில் சந்தேகத்தாரின் கண்ணுக்கு முன்னால் ஓடியது. போலீஸ். பொண்டாட்டியின் முகம். மச்சினனின் இரண்டு பெண் குழந்தைகள், சின்னதுக்கு இன்னும் பல் விழவில்லை. கூடி நிற்கிற இத்தனை பேரும். யாரோ ஒரு லோடுமேன் சாத்தினான், எவன் என்று தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். சீல்காரர் மறுத்தால் இவர் பேச்சா அவர் பேச்சா என்று ஆகும். ஆகட்டும். ஆனால் அந்தப் பேச்சு முடிய எத்தனை நிமிஷம் ஆகும் என்று கண்ணாடியைப் பார்த்தார். இருபத்துநாலு.

“நான்தான் சாத்தினேன்” என்றார். “உள்ள பாக்கல. ஏறியும் பாக்கல, டார்ச்சும் அடிக்கல. கோவத்துல சாத்திட்டேன். இவரக் கூட்டிட்டு வந்து சீல் வெக்கச் சொன்னதும் நான்தான். இவரு எம்மேல இருக்கற நம்பிக்கையில வெச்சாரு.”

மேனேஜரின் போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சீல்காரர் பையைத் திறந்தார். கட்டரை இவரிடம் கொடுக்கவில்லை. தானே பின்பக்கம் ஓடினார். இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினார். ஆணி தெறித்துக் கீழே விழுந்தது. மேனேஜர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வெட்டு என்றும் சொல்லவில்லை. டிரைவர்தான் லாரியிலிருந்து குதித்துவந்து இரும்புத் தண்டுகளைத் தள்ளினான்.

புகை வழிந்தது. பெட்டிச் சுவர் அப்படியே நின்றது. கதவின் உள்பக்கத்தில், பெட்டிகளுக்கு மேலே கை எட்டுகிற இடத்தில் ஐஸ் படலம் கீறிக் கீறிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் சந்தேகத்தாருக்கு ஒரு சத்தம் தொண்டையிலிருந்து தானாக வந்தது. நெட்டையன் குனிந்து முதுகைக் கொடுத்தான். அதன் மேல் கால்வைத்து ஏறிப் பெட்டிகளின் மேல் தவழ்ந்தார். ஐம்பத்தாறு வயது முட்டி. கூரை முதுகில் உரசியது. மெஷினை நிறுத்துங்கடா என்று கத்தினார். எதிர்க்காற்று கண்ணில் ஊசியாகக் குத்தியது. நிறுத்தினார்கள். டார்ச் வெளிச்சத்தில் பெட்டி, பெட்டி, பெட்டி. எல்லாம் வெள்ளை.

நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, இடதுபக்கச் சுவரோரம், நாலைந்து பெட்டி கிழிந்து கிடந்தது. மீனையெல்லாம் ஒதுக்கி வெளியே தள்ளியிருந்தான். கிழித்த அட்டைகளைச் சட்டைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் திணித்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் குழந்தை மாதிரி சுருண்டிருந்தான். புருவம் வெளுத்திருந்தது. இரண்டு கையும் கக்கத்துக்குள். சுவரிலிருந்து வந்த வயர் அவன் வாய்க்குள் போயிருந்தது. சுருட்டு மாதிரி ஓரப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

கண் திறந்திருந்தது. அசையவில்லை. சந்தேகத்தார் டார்ச்சை அதில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இமை ஒரு தடவை மூடித் திறந்தது.

“விடுடா” என்றார். “பாத்துட்டேன். கம்பிய விடு. பாத்துட்டேன்டா.”

பல் விடவில்லை. தாடை உறைந்து பூட்டிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கித்தான் அவனை இழுக்க வேண்டியிருந்தது. பெட்டிகளின் மேல் அவனை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு பின்னாலேயே தவழ்ந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தடவை நின்று அவன் மூக்கில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். நம்ப முடியவில்லை. வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் அவனுக்குப் பேச்சு வந்தது. உடம்பு பிழைத்துவிடும், கம்பியைப் பிடிக்கக் கையுறையைக் கழற்றிய விரல்களில்தான் மூன்று நாலு நுனி நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொண்டாட்டி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தம்பியின் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்துப் புடவையால் மூடியிருந்தாள். யாரும் அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கதவு மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள். சந்தேகத்தார் அறை வாசலில் நின்றார். உள்ளே போகவும் கால் வரவில்லை, வெளியே போகவும் கால் வரவில்லை.

மச்சினன் கண்ணைத் திறக்காமல் பேசினான். குரல் குடிகாரன் குரல் மாதிரி வழுக்கியது.

“தட்டினேன்க்கா. கத்தினேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் யோசிச்சேன். வெளிய எவன் என்ன பாப்பான்? மாமா கண்ணாடிய பாப்பாரு. எழுதிட்டுப் போற ஆளா அவரு, இது ஏன் இப்படின்னு நின்னு தட்டிப் பாப்பாரு. அந்த ஒரு நம்பிக்கைதான். இல்லன்னா பத்தரைக்கே படுத்திருப்பேன்.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவரைக் கும்பிடப் போகிறவள் மாதிரி கையை மடியிலிருந்து எடுத்தாள்.

“ஆனா சாத்தினது எந்தப் படுபாவி?” என்றான் தம்பி. “அவனக் கண்டுபிடிச்சீங்களா மாமா?”

அவள் கை பாதி வழியில் நின்றது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். பொய் சொன்னால் எந்த இடம் துடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

“நான்தான்” என்றார் சந்தேகத்தார்.

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது முனை திரும்பும் வரை சத்தம் கேட்டது. தம்பி கண்ணைத் திறந்தான். அவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். சிரிக்கப் போகிறானா அழப் போகிறானா என்று தெரியாதபடி வாய் கோணியது. அந்த உதட்டால் இன்னும் இரண்டையும் செய்ய முடியவில்லை.

அவள் குனிந்து பாதத்தின் மேல் புடவையைச் சரிசெய்தாள். வெகு நேரம் சரிசெய்தாள்.

“வாசல்ல நிக்காதீங்க” என்றாள் கடைசியில், தலையை நிமிர்த்தாமல். “ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. அவனுக்குக் காத்து அடிக்குது.”

அவர் உள்ளே வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்காரலாமா என்று அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.